மாப்பிள்ளை மாற்றிய அச்சு

பன்னிரண்டு வருடமாக வண்டிப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவனிடம் உலகத்திலேயே நிம்மதியான இடம் எது என்று கேட்டால், வண்டிக்கு அடியில் என்பான். அங்கே யாரும் முகத்தைப் பார்க்க முடியாது. மேலே யார் யாரோடு மல்லுக்கு நின்றாலும் தலையாட்ட வேண்டியதில்லை. அந்தச் சனிக்கிழமை காலை, மாமனார் வீட்டுப் பின்சந்தில், அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து, படகு டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனும் அப்படித்தான் நிம்மதியாக இருந்தான். பத்தே நிமிடம். அதற்குள் வினை வந்துவிட்டது.

அந்த வீட்டில் அவனை மாப்பிள்ளை என்பார்கள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம். டிரெய்லர் மாமனாருடையது. முப்பது வயதாகிறது அதற்கு. அதன் மேல் வெள்ளைப் படகு ஒன்று பட்டைக் கயிறுகளால் இறுகக் கட்டப்பட்டு, கிளம்பத் தயாராக நின்றது. முன்பக்கம் மாமனாரின் கார். பின்சீட்டில் மாப்பிள்ளையின் மனைவியும் ஐந்து வயது மகளும் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. மகள் மிதவைச் சட்டையை விடியற்காலையிலேயே மாட்டிக்கொண்டு, கழற்ற மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நாலு மணி நேரப் பயணம். அந்தக் கோடியில் ஒரு ஏரி. அங்கேதான் மச்சினிக்கு, அதாவது மனைவியின் தங்கைக்கு, புது வேலை. ஏரித் தண்ணீரை இடம் இடமாக மொண்டு சோதிக்கும் வேலை. சொந்தப் படகு இருந்தால் நல்லது என்று ஆய்வு நிலையத்தில் சொன்னார்களாம். மாமனார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என் படகை எடுத்துக்கோ" என்றுவிட்டார்.

ஆனால் ஆய்வு நிலையத்தார் ஒரு தாளும் அனுப்பியிருந்தார்கள். டிரெய்லர் இன்றைய தேதியில் சாலையில் இழுத்துச் செல்லச் சட்டப்படி தகுதியானது என்று உரிமம் பெற்ற பரிசோதகர் யாராவது பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

"நம்ம வீட்டுலயே ஆள் இருக்கும்போது வெளியில எதுக்கு அலையணும்?" என்றாள் மச்சினி. இப்போது அவள் டிரெய்லர் பக்கத்தில் குந்தி, தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போல ஒரு குரல்.

"ஒண்ணு. டயர், விளக்கு, கொக்கி எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டு. படகோட சேர்த்து மொத்த எடை, பிரேக் தேவைப்படற அளவுக்கு மேலயா, கீழயா?"

"மேல."

"மூணு. பிரேக் இல்லேன்னா, பிரேக் சட்டம் வர்றதுக்கு முன்னாடி செஞ்ச வண்டியா? அச்சும் சேஸிஸும் அப்போ இருந்ததேதானா, இல்ல மாத்தியிருக்கா?"

அடியில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அத்தான்? கேட்டுச்சா?"

கேட்டது. நன்றாகவே கேட்டது. தன் மூக்குக்கு ஒரு முழம் மேலே இருந்த அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான் அவன். இரண்டு சக்கரத்தையும் கோத்து நிற்கும் அந்த இரும்புத் தண்டு. சாம்பல் நிறப் பெயின்ட். இடது ஓரத்தில் சற்றே பிசிறடித்த வெல்டிங். அந்தப் பிசிறு யாருடையது என்று அவனுக்குத் தெரியாதா? அவனே நாலு வருடத்துக்கு முன் இதே சந்தில், இதே போல மல்லாந்து கிடந்து, தன் கையால் வைத்தது.

விஷயம் இதுதான். ஒரு எடைக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனியாக பிரேக் வேண்டும் என்று சட்டம் வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. அதற்கு முன் செய்தவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆனால் அச்சை மாற்றினால் விலக்கும் போச்சு. மாற்றிய அன்றைக்குப் பிறந்த வண்டி என்றுதான் கொள்வார்கள். பிறகு பிரேக் இல்லாமல் அது தெருமுனையைக்கூடத் தாண்டக் கூடாது. இதை அவன் நிலையத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் கேட்கிறான். "அச்சு மாத்தியிருக்கா?" தூக்கத்தில் எழுப்பினாலும் கேட்பான். தனியார் படகு டிரெய்லர்கள் வருடா வருடம் பரிசோதனைக்கு வருவதில்லை என்பதால் இதை யாரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏன் கேட்டுக்கொள்ளவில்லை என்பது தனிக் கதை. கல்யாணமாகி மூன்று வருடம் மாமனார் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் தானாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை என்பதைக்கூட மன்னித்திருப்பார். அவர் குறையே வேறு. முப்பத்தெட்டு வருடம் இழுவைக் கப்பலில் எஞ்சின் பார்த்தவர் அவர். கையில் கிரீஸ் படாதவனை மனுஷர் வரிசையிலேயே சேர்க்க மாட்டார். "அடுத்தவன் செஞ்சதுல ஓட்டை கண்டுபிடிக்கறதெல்லாம் ஒரு பொழைப்பா? தானா ஒரு நட்டு முடுக்கியிருப்பானா அவன்?" என்று மகளிடமே கேட்டாராம். மகளும் அதை ஒரு எழுத்து விடாமல் புருஷனிடம் வந்து ஒப்பித்தாள். அவர் பெண்தானே அவளும்! பேத்தி பிறந்த பிறகு வீட்டுக்கு வருவார். குழந்தையை வாங்கிக் கொஞ்சுவார். அவன் எதிரில் வந்தால் சுவரைப் பார்ப்பார்.

அப்படி இருக்கும்போதுதான், படகுத்துறையில் பின்னால் எடுக்கையில் கல்லில் மோதி டிரெய்லரின் அச்சு வளைந்தது. செய்தி மனைவி மூலம் வந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. பழைய இரும்புக் கடையில் நசுங்கிக் கிடந்த, உள்ளே தங்கிக்கொள்ளும் வீட்டு டிரெய்லர் ஒன்றின் அடியிலிருந்து, அடிபடாத நல்ல அச்சாகப் பார்த்துக் கழற்றி எடுத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதை ஏற்றிக்கொண்டு வந்து இந்தச் சந்தில் இறங்கினான். மாமனார் கையைக் கட்டிக்கொண்டு மூன்றடி தள்ளி நின்றார். மத்தியானம் வரை நின்றார். அதன் பிறகு உள்ளே போய் ஒரு ஸ்பேனரோடு வந்து, வாயைத் திறக்காமல் எதிர்ச் சக்கரத்தில் வேலையை ஆரம்பித்தார். இருட்டுவதற்குள் முடிந்தது. "கையைக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க, மாப்பிள்ளை" என்றார். அவன் அன்றைக்குப் பின்பக்கக் குழாயடியில் நின்று கொஞ்சம் அழுதான். இது மனைவிக்குக்கூடத் தெரியாது.

ஆக, அந்த வீட்டில் அவன் கால் ஊன்றி நிற்கும் இடமே இந்த அச்சுதான். அதைத் தப்பு என்று இப்போது அவன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

"என்ன மாப்பிள்ளை, அடியில தூங்கிட்டீங்களா?" மாமனாரின் குரல். "வெயில் ஏறதுக்குள்ள கிளம்பணும். அந்த மூணாவதுக்கு என்ன, பழைய வண்டிதானே, டிக் போட்டுட்டு வாங்க!"

போட்டுவிட்டால் என்ன? அச்சு மாறிய விஷயம் தெரிந்தவர்கள் வீட்டு ஆட்கள் மட்டும். சட்டத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவன் அவன் ஒருவன். இந்த அச்சு பழையதைவிட ஆயிரம் மடங்கு உறுதி. இப்படி நினைத்ததுமே அவனுக்குச் சிரிப்பு வந்தது. நிலையத்தில் ஒவ்வொருவனும் இதைத்தானே சொல்கிறான்? "சார், பழசைவிட இது நல்லா இருக்கு சார்." அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லுவான்: "நல்லா இருக்கலாம். ஆனா ஓடக் கூடாது."

அதோடு, உறுதியான அச்சு வந்ததால்தானே மாமனாருக்குத் தைரியமும் வந்தது? சின்னப் படகோடு சேர்த்தே எடை பிரேக் வரம்பைத் தாண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அதை விற்றுவிட்டு இந்தப் பெரிய படகை வாங்கினார். போன கோடையில் ஒரு நாள் மாப்பிள்ளையே இதை இழுத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினான். பின்னாலிருந்து யாரோ இரண்டு கையாலும் காரைத் தள்ளுவது போல இருந்தது. பிரேக் மிதித்த காலுக்கு அந்தக் கனம் தெரிந்தது. கீழே வந்து சேர்ந்ததும் மறந்துபோனான். இப்போது அவன் தலைக்கு நாலடி முன்னால், அதே காரின் பின்சீட்டிலிருந்து, மகள் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டு காலை ஆட்டுவது கேட்டது.

சரி, போகக் கூடாது. அதில் அவனுக்கு இரண்டாவது யோசனை இல்லை. ஆனால் அச்சைப் பற்றிப் பேசாமலே இன்றைய பயணத்தை நிறுத்த முடியாதா? இன்றைக்கு நின்றால் போதும். அடுத்த வாரம் ஏதாவது சாக்குச் சொல்லி பிரேக் வைத்த அச்சாக மாற்றிவிடலாம். யாருக்கும் மூக்கு உடையாது. கெட்டிக்காரத்தனம்தான், வேறென்ன? மனுஷனுக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் மூளை பறக்கும்.

வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டான். "மாமா, வலது டயர்ல பக்கவாட்டுல லேசா வெடிப்பு இருக்கு. இதோட ஹைவேயில போறது சரியில்ல."

வெடிப்பு இருந்ததென்னவோ உண்மை. தலைமுடி அளவு. நிலையத்தில் என்றால் கண்டுகொள்ளவே மாட்டான்.

மாமனார் முகம் வாடும் என்று எதிர்பார்த்தான். அது மலர்ந்தது! "பாத்தியா!" என்று மச்சினியிடம் திரும்பினார். "நான் தினம் பாக்கறேன், என் கண்ணுக்குத் தெரியல. ஒரு நிமிஷத்துல சொல்லிட்டார் பாரு." கொட்டகைக்குள் போனவர் புத்தம் புதிய டயர் மாட்டிய சக்கரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். "எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கி வெச்சேன். பத்தே நிமிஷம்!"

மாப்பிள்ளை உதவப் போனான். "நீங்க பாக்கற வேலையைப் பாருங்க" என்று விரட்டிவிட்டார். எழுபது வயது மனுஷர், ஜாக்கியைத் தள்ளி, முட்டி போட்டு, நட்டுகளைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, சட்டையெல்லாம் நனைய சக்கரத்தை மாற்றினார்.

"முடிஞ்சுது. அடுத்து?"

"அந்த... இடது சிக்னல் விளக்கு கொஞ்சம் மெதுவா மினுக்குது, மாமா."

"மினுக்குதா? இதோ."

உப்புத்தாள் வந்தது. திருப்புளி வந்தது. விளக்கைக் கழற்றி, செப்பு முனைகளைப் பளபளவென்று தேய்த்து, மாட்டி, பேத்தியைக் கூப்பிட்டு, "குட்டி, எரியுதா பாரு!" என்றார். குட்டி ஜன்னலில் தொங்கி "எரியுது தாத்தா!" என்று கத்தியது.

"வேற என்ன மாப்பிள்ளை? கூச்சப்படாம சொல்லுங்க. இன்னிக்கு என் பொண்ணுங்க ரெண்டு பேரும், பேத்தியும் இதுல வர்றாங்க. ஒரு சின்னக் குறைகூட இருக்கக் கூடாது. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க."

வலிக்கும் முட்டியைக் கையால் அழுத்திக்கொண்டு, விட்டால் இன்னும் ஒரு மணி நேரம் வேலை செய்வேன் என்ற முகத்தோடு நின்றார். மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் கூசியது. சொல்லாமல் மறைத்ததாவது ஒரு தப்பு. இப்படி ஒரு பெரியவரை முட்டி போட வைத்து வேடிக்கை பார்ப்பது எதில் சேர்த்தி? சீ, என்ன ஜென்மம் நான் என்று இருந்தது.

"மாமா, டயரும் இல்ல, விளக்கும் இல்ல. நான் சும்மா சொன்னேன்."

"என்ன?"

"இந்த டிரெய்லர் ரோட்டுல போகக் கூடாது. இன்னிக்கு மட்டும் இல்ல, நாலு வருஷமாவே போயிருக்கக் கூடாது. அச்சு மாத்தினா பழைய வண்டிங்கற சலுகை கிடையாது. பிரேக் வெச்சே ஆகணும். நான் மாத்தினேன். பிரேக் வைக்கல. தப்பு என்மேல."

மச்சினி தாளைப் பார்த்தாள். மனைவி காரிலிருந்து இறங்கிவிட்டாள். மாமனார் திருப்புளியைக் கீழே வைக்கவில்லை.

"அன்னிக்கு உங்களுக்குத் தெரியாதா இது?"

"தெரியும். தினமும் நான் ஊர்ல இருக்கறவங்களைக் கேக்கற கேள்வி."

"அப்புறம் எப்படி?"

"தோணவே இல்ல மாமா. சத்தியமா தோணல. நீங்க பக்கத்துல நின்னுட்டு இருந்தீங்க. எப்படியாவது உங்ககிட்ட நல்ல பேர் வாங்கணும், அது ஒண்ணுதான் மண்டையில இருந்துச்சு."

இதைச் சொன்னதும் அவன் காது சிவந்தது. முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, மனைவியும் மச்சினியும் கேட்க, சந்தில் நின்றுகொண்டு சொல்கிற பேச்சா இது?

மாமனாருக்குக் கோபம் மெதுவாகத்தான் ஏறும். ஏறினால் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "நாலு வருஷம்!" என்றார். "எத்தனை தடவை இந்தக் குழந்தையைப் பின்னாடி உட்கார வெச்சுக்கிட்டு மேட்டுல ஏறி இறங்கியிருப்பேன்! ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா? தெரியாதவன் செஞ்சா தலையெழுத்துன்னு விடலாம். இதைத்தானய்யா உங்களுக்குத் தொழில்னு சொல்லிக் கொடுத்தாங்க?"

"அப்பா..." என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு."

அவர் நடந்து போய்க் கார்க்கதவைத் திறந்தார். பேத்தியைத் தூக்கி இறக்கினார். மிதவைச் சட்டையின் கொக்கியை அவிழ்த்தார். குழந்தை அழ ஆரம்பித்தது. பிறகு டிரெய்லரை முன்னால் தாங்கி நிற்கும் சின்னச் சக்கரத்தை இறக்கி, கொக்கியை விடுவித்து, காரை நாலடி முன்னால் நகர்த்தி நிறுத்தினார். யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

மச்சினி தாளை நாலாக மடித்தாள். "திங்கட்கிழமை நான் என்ன, வாளியைக் கட்டிக்கிட்டு நீந்தியா போறது?" என்றாள். குரலில் எரிச்சல். கொஞ்சம் கழித்து, "பரவாயில்ல அத்தான், அங்க யார்கிட்டயாவது துடுப்புப் படகு கேட்டுப் பாக்கறேன்" என்றாள்.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "அந்த டயர் கதை எதுக்குங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பயந்துட்டேன்."

"எங்கப்பாவுக்கா?"

"ஆமா."

அவள் அழுகிற குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை அட்டையை மடித்தான், திருப்புளியையும் ஜாக்கியையும் கொட்டகையில் அதனதன் இடத்தில் வைத்தான். எல்லாம் முடிந்தது என்றுதான் அவனுக்குத் தோன்றியது. இனி வந்தால் சுவரைப் பார்ப்பார். பார்க்கட்டும், மனுஷரைச் சொல்லிக் குற்றமில்லை. பிரேக் வைத்த அச்சு எங்கே கிடைக்கும், யார் பொருத்தித் தருவார்கள் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். முறைப்படி செய்ய இரண்டு வாரம் ஆகும். அதையாவது ஒழுங்காகச் செய்வோம்.

கால் மணி நேரம் கழித்து மாமனார் வெளியே வந்தார். அழுக்குச் சட்டையை மாற்றி, வெளியே போகும் சட்டை போட்டிருந்தார். நேராக அவனிடம் வந்தார்.

"இன்னொரு விஷயம் இருக்கு" என்றார். கோபம் தணிந்திருந்தது, ஆனால் முகம் சுண்டிப்போயிருந்தது. "துறைப் பக்கத்துல நம்ம பேக்கரிக்காரன் இருக்கான்ல, அவனும் பழைய டிரெய்லர்தான் வெச்சிருக்கான். பின்தெருவுல கணக்கு வாத்தியார் ஒருத்தர் இருக்கார். ரெண்டு பேரையும் அச்சு மாத்தச் சொல்லி நான்தான் ஏத்திவிட்டேன். என் மாப்பிள்ளை செஞ்சது, அவர் வேலையே அதுதான், எவனும் ஒரு குத்தம் சொல்ல முடியாதுன்னு பெருமையடிச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் மாத்திட்டாங்க."

"எப்போ?"

"ஒரு வருஷம் ஆச்சு."

"மாமா, நான் இப்பவே போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்றான் மாப்பிள்ளை. "நீங்க வர வேண்டாம். என்னோட தப்பு, நான் பேசிக்கறேன்."

"பேக்கரிக்காரன் நாளைக்குக் காலையில குடும்பத்தோட கிளம்பறான். நடங்க."

இருவரும் நடந்தார்கள். ஐந்து நிமிட நடை. பேக்கரிக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மாப்பிள்ளை உள்ளுக்குள் கோத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். நான் உரிமம் பெற்ற பரிசோதகன், எனக்குத் தெரிந்திருந்தும் கவனிக்கத் தவறிவிட்டேன்... தன் நிலையத்துக் கடிதம் மாதிரியே இருந்தது அது.

பேக்கரிக்காரர் விடிய விடிய அடுப்படியில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிறவர். கதவைத் தட்டித் தட்டி இவர்கள் கை ஓய்ந்த பிறகுதான் திறந்தார். தலை கலைந்திருந்தது. "என்னய்யா, மாமனாரும் மருமகனும் ஜோடியா? யாருக்கு என்ன ஆச்சு?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். அவன் புஜத்தில் மாமனாரின் கை அழுந்தியது. அவர் ஒரு படி முன்னால் ஏறி நின்றார்.

"நாளைக்கு உன் டிரெய்லரை எடுக்காதே. அச்சு மாத்தச் சொன்னேனே, அது தப்பு. சட்டப்படியும் தப்பு, பாதுகாப்பும் இல்ல. அதைச் சரிபண்ணாம ரோட்டுல இறக்கக் கூடாது."

பேக்கரிக்காரருக்குத் தூக்கம் பறந்துவிட்டது. "அட, நீதானேய்யா உன் மாப்பிள்ளை பண்ணதுன்னு தலைகீழா நின்ன? இப்ப யார் பண்ண தப்பு இது? நீயா, இவரா?"

"எங்க வீட்டுல பண்ண தப்பு."

"அதான், வீட்டுல யாருன்னு கேக்கறேன்."

"எங்க வீட்டுலன்னு சொன்னா காதுல விழலையா உனக்கு?" என்றார் மாமனார். குரல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "யாருன்னு தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறே? கொட்டகையைத் திற, வண்டியைக் காட்டு. அவர் பாப்பார்."

பேக்கரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சாவி எடுக்க உள்ளே போனார். புஜத்தில் இருந்த கையை மாமனார் எடுக்கவில்லை. கோத்து வைத்திருந்த ஒரு வார்த்தைகூட மாப்பிள்ளைக்கு நினைவில் இல்லை. சாவியோடு பேக்கரிக்காரர் திரும்பி வந்ததும், டிரெய்லருக்கு அடியில் விரிக்க ஒரு அட்டை இருக்குமா என்று கேட்டான்.